சிவக்கக் கூடாத பிள்ளை

அந்த வார்டில் முதல் நாளே அவளுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். புதுசு.

"புதுசு வந்தாச்சா?", "புதுசக் கேளுங்க", "இது புதுசு பண்ண வேலையாத்தான் இருக்கும்" என்று மூத்த சிஸ்டர் தொடங்கி வைத்தது, தரை துடைக்க வருகிறவர் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. முதலில் முகத்துக்கு நேரே டாக்டர், முதுகுக்குப் பின்னால் புதுசு. வாரம் திரும்புவதற்குள் முகத்துக்கு நேரேயும் அதுவே ஆகிவிட்டது.

புதுசு ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை. முப்பது தாண்டியவள். டாக்டருக்குப் படித்து, அதற்கு மேல் குழந்தை வைத்தியம் படித்து, ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவள். அங்கே அவள் உள்ளே நுழைந்தால் பேச்சு அடங்கும். குழந்தைகளின் இருதயத்துக்கென்றே தனிப் படிப்பு படிக்க வந்த இடத்தில் மறுபடியும் கடைசிப் படி. சின்ன சைஸ் ஊசி எங்கே இருக்கிறது என்று கேட்டால் "அலமாரியிலதான்" என்பார்கள். சுவர் முழுக்க அலமாரி.

அவளுடைய அப்பா லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். போன் போட்டால் நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

"இன்னும் எத்தன க்ளாஸ்டி பாக்கி உனக்கு?"

"மூணு வருஷம்ப்பா."

"நான் மூட்ட தூக்க ஒரே நாள்ல கத்துக்கிட்டேன். தோள் வீங்குச்சு, மறுநாள் அந்த வீங்கின தோள்லயே தூக்குனேன். உனக்கு இன்னும் வீக்கமே வத்தலயா?"

"அங்க இறக்கி வெச்சா மூட்ட கிழியும், அவ்வளவுதானே. இங்க அப்படி இல்லப்பா."

"கிழிஞ்சா மேஸ்திரி சும்மா விடுவான்னா நெனச்ச?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

புதுசுக்குத் தொல்லை கொடுத்தது அவள் கைதான். எத்தனையோ பிள்ளைகள் நீலம் பாய்ந்து அவளிடம் வந்திருக்கிறார்கள். நீலம் என்று கண்ணில் பட்டதும் ஆக்சிஜன் குமிழைத் திறப்பது அவளுக்கு யோசனையே இல்லாத வேலை. கண் பார்க்கும், கை போகும். பிள்ளை சிவக்கும். தாய் கும்பிடுவாள். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் அவள் இத்தனை காலம் தன்னை டாக்டர் என்று நம்பியிருந்தாள்.

இங்கே சில பிள்ளைகள் சிவக்கக் கூடாது.

"சிலது நீலமா இருந்தாத்தான் நமக்கு நிம்மதி," என்று சீஃப் முதல் நாளே சொன்னார். அவர் வார்டின் தலைமை டாக்டர். ஒல்லியான மனுஷன், பேசும்போது ஆளைப் பார்க்கமாட்டார், மானிட்டரைத்தான் பார்ப்பார். "புத்தகத்துல படிச்சிருப்ப."

"படிச்சிருக்கேன் சார்."

"படிச்சவங்கதான் தப்பு பண்றாங்க. படிக்காதவங்களுக்கு யாரும் குமிழையே காட்டறதில்ல."

அந்த வாரத்தில்தான் சித்தாளின் பிள்ளை வந்தது.

சித்தாள் என்றால் கட்டட வேலையில் கலவைச் சட்டி சுமக்கிறவள். புருஷன் அதே கட்டடத்தில் கம்பி கட்டுகிறவன். தலைப்பிள்ளை. பிறந்த இடத்தில் பிள்ளை பால் குடிக்காமல் மூச்சு வாங்கவும், ஆம்புலன்ஸில் தூக்கிப் போட்டு இங்கே அனுப்பிவிட்டார்கள். பெற்ற உடம்போடு அவளும் கூடவே வந்தாள். அடிவயிற்றைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக நடந்து வந்தாள். வார்டு வாசலில் கை கழுவச் சொன்னார்கள். கழுவினாள். சிமென்ட் தின்ற விரல்களில் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. அழுக்கென்று நினைத்து மூத்த சிஸ்டர் மறுபடி கழுவச் சொன்னார். மறுபடியும் கழுவினாள்.

"இது போகாது சிஸ்டர். இது அழுக்கில்ல, கை," என்றாள்.

மூத்த சிஸ்டர் வழி விட்டார்.

பிள்ளையின் இருதயத்தில் இடது பக்கம் வளரவே இல்லை. உடம்புக்கு ரத்தம் தள்ள வேண்டிய பக்கம் அது. வலது பக்கம் ஒன்றே நுரையீரலுக்கும் தள்ளி, உடம்புக்கும் தள்ளிக்கொண்டிருந்தது. உடம்புக்குப் போகிற ரத்தம் ஒரு சின்னக் குழாய் வழியாகப் போனது. வயிற்றுக்குள் இருந்தபோது எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிற குழாய், பிறந்த பிறகு தானாக மூடிக்கொள்ளும். இவனுக்கு அது மூடினால் ஆள் முடிந்தான். மூடாமல் இருக்க மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் வரைக்கும் இப்படியே பிடித்து வைத்திருக்க வேண்டும்.

பெற்றவர்களிடம் விளக்குகிற வேலையைப் புதுசிடம் தள்ளினார் சீஃப். அவள் படம் போட்டுக் காட்டினாள். சித்தாள் படத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பிக்காரன் தலையைச் சொறிந்தான். புதுசு பேனாவை மூடினாள்.

"உங்க சைட்ல ஒரே மோட்டார். ரெண்டு டேங்க். ஒண்ணு பக்கத்துலயே இருக்கு, ஒண்ணு மேல் மாடியில. பக்கத்து டேங்குக்குப் போற பைப்ப அகலமாத் திறந்து விட்டா என்ன ஆகும்?"

"மேல தண்ணி ஏறாது," என்றான் கம்பிக்காரன் உடனே. "கீழ ரொம்பி வழியும். மேல இருக்கறவன் குழாயத் திறந்துட்டுத் திட்டுவான்."

"அந்தப் பக்கத்து டேங்குதான் நுரையீரல். ஆக்சிஜன் குடுத்தா அந்த பைப் அகலமாத் திறந்துக்கும். ரத்தம் பூரா அங்க போயிடும். பாக்க செவப்பா இருப்பான். ஆனா கிட்னி, குடல், கால் எல்லாம் காஞ்சு போயிடும். அதனாலதான் ஆக்சிஜன் தர்றதில்ல. கொஞ்சம் நீலமா இருக்கறதுதான் இவனுக்கு அளவு."

கம்பிக்காரனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. புரிந்ததால் ஆள் பாதியாகிவிட்டான்.

சித்தாள் கேட்டாள். "ஆம்புலன்ஸ்ல மாஸ்க் வெச்சாங்களே. செவந்தானே. நான் கண்ணால பாத்தேன்."

"செவப்பான்மா. ஆனா அது நல்லதில்ல."

"செவந்தா நல்லதில்லயா?"

"இவனுக்கு இல்ல."

"இங்க வந்து நீங்க எடுத்தீங்க. நீலமாயிட்டான்." அவள் குரலில் சண்டை இல்லை. கூலி குறைத்துக் கொடுத்தவனிடம் கணக்குக் கேட்கிற நிதானம் இருந்தது. "காத்துதானே கேக்கறோம். காத்துலயுமா கஞ்சத்தனம் பண்ணுவாங்க?"

"ஏய், அவங்க சொல்றது உனக்கு வெளங்கலயா?" என்றான் கம்பிக்காரன்.

"உனக்கு வெளங்கிடுச்சுல்ல, நீ போய் மோட்டார் போடு," என்றாள் அவள்.

புதுசு சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது. பிற்பாடு யோசித்தபோது அங்கே முடித்திருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு தாய் கண்ணால் பார்த்ததை வெறும் வாயால் அழித்துவிட முடியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் காலையில் அந்தக் கட்டிலின் மானிட்டர் திரையில் கோடு கோடாக ஓடியது. தட்டிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஸ்டோரிலிருந்து வேறொன்றைத் தள்ளிக்கொண்டு வந்து மாட்டினார்கள். புதிதாக மாட்டினால் அதற்கு எல்லை போட வேண்டும். எந்த அளவுக்குக் கீழே போனால் கத்த வேண்டும், எந்த அளவுக்கு மேலே போனால் கத்த வேண்டும் என்று. மூத்த சிஸ்டர் இரண்டு கையிலும் வேலையாக இருந்தார். "புதுசு, அந்த லிமிட்டப் போட்டு விடுங்க."

புதுசு நின்று நிதானமாகப் போட்டாள். இருதயத் துடிப்புக்கு மேலே கீழே இரண்டும் போட்டாள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவுக்குக் கீழ் எல்லை எழுபது என்று போட்டாள். மேல் எல்லையைத் தொடவில்லை. அது நூறில் நின்றது. அவள் இதுவரை வேலை பார்த்த எந்த வார்டிலும் அதை யாரும் தொட்டதில்லை. பிள்ளை நூறு காட்டினால் எந்த மெஷின் கத்தும், எதற்குக் கத்தும்? இங்கே, இந்த மாதிரிப் பிள்ளைக்கு, தொண்ணூறைத் தாண்டினால் அது கத்தியாக வேண்டும். அதுவும் அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் கைக்குத் தெரியவில்லை.

மதியம் பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு மூச்சு திணறியது. எல்லோரும் அங்கே ஓடினார்கள். ஓடுகிற வழியில் புதுசு சித்தாளின் பிள்ளையைப் பார்த்தாள்.

சிவந்திருந்தான். உதடு, உள்ளங்கை, காதோரம் எல்லாம். திரையில் தொண்ணூற்றி நாலு.

அவள் முகம் மலர்ந்தது. அதை அவளால் மறுக்க முடியாது. எத்தனையோ வருஷமாகப் பழகிய சந்தோஷம், கேட்காமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

"கலர் நல்லா இருக்கேம்மா!"

பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சித்தாள் நிமிர்ந்தாள். அவள் ஒரு கை பிள்ளையின் போர்வைக்குள் இருந்தது. "நல்லா இருக்கானா டாக்டரம்மா?"

"நல்லா இருக்கான்."

நான்கு எட்டு வைத்ததும் உள்ளே எங்கோ முள் குத்திய மாதிரி இருந்தது. என்ன எண் அது? திரும்பிப் பார்ப்பதற்குள் மூத்த சிஸ்டர் பக்கத்துக் கட்டிலிலிருந்து கத்தினார். புதுசு போனாள். அந்தப் பிள்ளையின் வாய்க்குள் குழாய் விட்டு, நெஞ்சை அமுக்கி, கழுத்தில் நரம்பு தேடி ஊசி ஏற்றியதில் முள் மறந்துவிட்டது.

அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. வெயில் சாய்ந்திருந்தது. மூத்த சிஸ்டர் கையைக் கழுவிவிட்டுச் சித்தாளின் பிள்ளைக்கு டயப்பர் மாற்ற வந்தார். அந்த வார்டில் ஈர டயப்பரை நிறுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு மூத்திரம் என்று அதிலிருந்து தெரியும்.

"இது காலையில நான் கட்டுனதாச்சே," என்றார் சிஸ்டர். "பொட்டு ஈரமில்ல. டாக்டர்! இங்க வாங்க!"

இந்தத் தடவை அவர் புதுசு என்று கூப்பிடவில்லை.

பிள்ளை வேகவேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். முகம் சிவப்பு. கால் பனிக்கட்டி. தொடையைத் தொட்டால் அங்கேயும் சில்லிப்பு. புதுசு போர்வையை விலக்கினாள். பிள்ளையின் தாடைக்குக் கீழே, துணி மடிப்புக்குள், ஆபத்துக்கென்று சுவரில் மாட்டி வைத்திருந்த மாஸ்க் கிடந்தது. அதிலிருந்து மெல்லிசாக உஸ்ஸென்று சத்தம். சுவரில் குமிழ் திறந்திருந்தது.

புதுசு குமிழை மூடினாள். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் புளித்துப் போயிருந்தது. உடம்பு பட்டினி கிடந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும். இது காலையிலிருந்து கிடந்த பட்டினி.

சீஃப் வந்தார். பிள்ளையின் மூச்சைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாய் வழியாகக் குழாய், மெஷினில் வெறும் காற்று, இருதயத்துக்கு மருந்து, மூத்திரம் இறங்க மெல்லிய குழாயும் கட்டிலோரம் ஒரு பையும். வேலை முடிந்ததும் ஆபரேஷன் செய்கிற சர்ஜனுக்குப் போன் போட்டார். சர்ஜன் பேசுவது பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. "நாளைக்குக் கிடையாது. கிட்னி நின்ன பிள்ளைய நான் மேஜையில போட மாட்டேன். மூத்திரம் வரட்டும், பேசலாம்."

"ரொம்பத் தள்ள முடியாதே," என்றார் சீஃப்.

"அப்ப வர வைங்க."

சித்தாள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். மூத்த சிஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். அத்தனை நேரம் அடக்கியது வெடித்தது.

"எத்தன தடவ சொல்லியிருக்கோம்! தொடாதன்னா தொடாதன்னு அர்த்தம். பெத்தவளா நீ? விட்டா நீயே வைத்தியம் பாத்துக்குவ போல!"

சித்தாள் புதுசைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வைதான். பிறகு தரையைப் பார்த்தாள்.

"வெளிய அனுப்புங்க," என்றார் சீஃப், மானிட்டரைப் பார்த்தபடியே. "இனிமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கட்டும். உள்ள வேண்டாம்."

கூட்டிக்கொண்டு போனார்கள். கதவு மூடியும் மூடாமலும் இருக்கும்போதே கம்பிக்காரனின் குரல் கேட்டது. "கொன்னுட்டியேடி. உன் கையாலயே கொன்னுட்டியே."

புதுசு மானிட்டர் முன்னால் நின்றாள். எல்லைகள் இருக்கிற பக்கத்தைத் திறந்தாள். மேல் எல்லை நூறு. அதைத் தொண்ணூறுக்கு இறக்கினாள். இறக்காமல் விட முடியாது, பிள்ளை கிடக்கிறான். விரல் எடுத்ததும் அது தொண்ணூறு என்று காட்டியது. காலையிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று சொன்னால் நம்புகிற மாதிரி, சாதுவாகக் காட்டியது. கேட்பார் யாரும் இல்லை. குற்றவாளி ஏற்கெனவே வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வருஷப் படிப்பு, முதல் மாதம். படிக்க வந்த ஒருத்தனைச் சீஃப் முதல் மாதத்திலேயே வேறு பிரிவுக்கு மாற்றிவிட்ட கதையை மூத்த சிஸ்டர் சொல்லியிருந்தார். ரசித்து ரசித்துச் சொன்னார். மூட்டை தூக்குகிறவர் வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்தாயிற்று. திரும்பிப் போவதென்றால் எங்கே போவது?

"சார்," என்றாள்.

சீஃப் மருந்தின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மானிட்டர் மாத்துனப்ப மேல் லிமிட்ட நான் போடல. நூறுலயே விட்டுட்டேன். அதான் கத்தல. மதியம் நான் பாத்தேன் சார். தொண்ணூத்தி நாலு இருந்துச்சு. நல்லா இருக்கான்னு அந்தம்மாகிட்ட சொன்னேன்."

மூத்த சிஸ்டரின் கை அப்படியே நின்றது.

சீஃப் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை நன்றாக இல்லை. "பாத்துட்டு, நல்லா இருக்கான்னு சொல்லிட்டுப் போன."

"ஆமா சார்."

"நான் உன்னை எதுக்கு வெச்சிருக்கேன்?"

அது கேள்வி இல்லை.

"இனிமே தனியா எந்தக் கட்டிலையும் பாக்க வேண்டாம். நான் சொல்ற வரைக்கும். சிஸ்டர் இல்லாம எதையும் தொடாத. மத்தது இந்தப் பிள்ள என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் பேசிக்கலாம்." மறுபடி மானிட்டரைப் பார்த்துக்கொண்டார்.

"அந்தம்மாகிட்ட சொல்லணும் சார்."

"போய்ச் சொல்லு. நான் தடுத்தா நிக்கவா போற?"

வராந்தாவில் சுவரோடு திருகிப் பொருத்திய நாற்காலிகள். சித்தாள் ஒரு மூலையில், கம்பிக்காரன் மறு மூலையில். நடுவில் மூன்று நாற்காலி காலி. புதுசு நடுவில் உட்காரவில்லை. எதிரே போய் நின்றாள். சொன்னாள். மெஷின் கத்த வேண்டியது, கத்தாமல் போனது தன்னால் என்று சொன்னாள். நல்லா இருக்கான் என்று தான் சொன்னது தப்பு என்று சொன்னாள். மதியமே பார்த்து மூடியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றும் சொன்னாள். ஆபரேஷன் தள்ளிப் போனதையும், மூத்திரம் வராவிட்டால் ஆபரேஷனே இல்லை என்பதையும், ஆபரேஷன் இல்லாவிட்டால் என்ன என்பதையும் ஒளிக்கவில்லை.

கம்பிக்காரன் எழுந்து அவள் அருகில் வந்தான். அடித்துவிடுவான் என்று நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நொடி இருந்தது. அவன் அவளைத் தாண்டிப் போய், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சித்தாள்தான் பேசினாள்.

"நான் கொஞ்சமாத்தான் திறந்தேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி. பயந்து பயந்து. யாராவது பாத்தா மூடிடலாம்னு குமிழு பக்கத்துலயே உக்காந்திருந்தேன்." மூக்கைத் துடைத்தாள். "நீங்க வந்து பாத்தீங்க. நல்லா இருக்கான்னீங்க. அதுக்கப்புறம்தான் நல்லாத் திறந்தேன்."

புதுசுக்கு இது தெரியாது.

"எனக்குத் தெரியாதுங்க. நான் சட்டி தூக்கறவ. செவப்பா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன். உங்களுக்குமா தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்தான்."

மன்னிப்பு கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று புதுசும் நிற்கவில்லை. ஜன்னல் பக்கமிருந்து கம்பிக்காரன் வந்து, காலியாக இருந்த நாற்காலிகளில் சித்தாளுக்குப் பக்கத்தில் இருந்ததில் உட்கார்ந்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தான்.

மறுநாள் காலையில் மூத்த சிஸ்டர் சீஃபிடம் போய் நின்றார். "அந்தப் பொண்ண உள்ள விடலாம் சார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு நின்னு கால் வீங்கிப் போச்சு. பெத்த உடம்பு."

"மறுபடி திறந்தா?"

"திறக்க மாட்டா. மாஸ்கையே கழட்டி என் மேஜைக்குள்ள வெச்சுட்டேன். வேணும்னா புதுசு பக்கத்துலயே உக்காரட்டும். அவங்களுக்குத்தான் இப்ப வேற வேல இல்லயே."

இது குத்தலா உதவியா என்று புதுசுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போல.

அப்படித்தான் இரண்டு பேரும் கட்டிலுக்கு ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். பிள்ளை நீலமாகக் கிடந்தான். ஈயப் பாத்திரம் மங்கின மாதிரி ஒரு நிறம். திரையில் எழுபத்தெட்டு, எண்பது, எழுபத்தொன்பது. மூத்திரப் பைக்குப் போகும் குழாய் காய்ந்திருந்தது. இரண்டு பேரும் அந்தக் குழாயையே பார்த்தார்கள். சித்தாளின் கண் அவ்வப்போது சுவரில் இருந்த குமிழுக்குப் போய்த் திரும்பியது. புதுசின் கண்ணும் போனது. ஒரு தடவை இரண்டு கண்ணும் அங்கேயே சந்தித்துக்கொண்டன.

"உங்களுக்கும் திறக்கணும் போல இருக்கா?" என்று கேட்டாள் சித்தாள்.

"இருக்கு."

"இவ்வளவு படிச்சுமா?"

"படிப்பு தலையில இருக்கும்மா. கை வேற ஆளு."

சித்தாள் தன் வெடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "எனக்கும் புள்ள பெத்த மறுநாளு தலைக்கு மேல கை போச்சு. சட்டியப் பிடிக்க," என்றாள். சிரிக்கவில்லை.

அன்று முழுக்கக் குழாயில் ஒரு சொட்டும் வரவில்லை. அமிலம் கொஞ்சம் இறங்கியது, கால் கொஞ்சம் சூடு கண்டது, மூத்திரம் மட்டும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் மத்தியானம் வரை இல்லை. சீஃப் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். கம்பிக்காரன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டை விரலை ஆட்டிக் கேட்பான். சித்தாள் இல்லை என்று தலையசைப்பாள்.

பிறகு சித்தாள்தான் முதலில் பார்த்தாள்.

"ஏங்க. அது என்ன, தண்ணியா?"

குழாயின் வளைவில் ஒரு சொட்டு நின்றிருந்தது. பழுப்பாக, டீத்தண்ணி மாதிரி. புதுசு குனிந்து பார்த்தாள். தொட வேண்டும் போலிருந்தது, தொடவில்லை, சிஸ்டரைக் கூப்பிட்டாள். சிஸ்டர் வருவதற்குள் அது நகர்ந்து பைக்குள் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"வந்துட்டான் பாரு ராசா," என்றார் மூத்த சிஸ்டர். "இவ்வளவு கௌரவமா மூத்திரம் போற ஆம்பளய நான் பாத்ததில்ல. எத்தன பேர காக்க வெச்சுட்ட!"

சித்தாள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். புதுசு அழவில்லை. அழுதால் நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

சர்ஜன் சம்மதித்தார். ஆனால் பிள்ளை பிழைக்க முன்பு சொன்ன வாய்ப்பை இப்போது சொல்லவில்லை. குறைத்துச் சொன்னார். அடி வாங்கின பிள்ளை, மேஜையிலேயே போனாலும் போகலாம் என்றார். கம்பிக்காரன் கையெழுத்துப் போட்டான். சீஃபும் பக்கத்தில் இருந்தார்.

"இவங்களும் உள்ள வருவாங்களா?" என்று சித்தாள் புதுசைக் காட்டிக் கேட்டாள்.

"பாக்க வருவாங்க. கத்துக்கறவங்க. உங்களுக்கு வேண்டாம்னா வரமாட்டாங்க," என்றார் சீஃப்.

புதுசு நின்ற இடத்தில் நின்றாள். சித்தாள் யோசித்தாள். யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டாள். அவசரப்படுத்த யாருக்கும் துணிவு வரவில்லை.

"வரட்டும்," என்றாள் கடைசியில். "ஆனா எதையும் தொட வேணாம். உள்ள நின்னு பாக்கட்டும். பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லட்டும். நல்லபடியா இல்லன்னாலும் இவங்க வந்து சொல்லுவாங்க."

புதுசு உள்ளே போனாள். சுவரோரமாக ஸ்டூல் போட்டு ஏறி நின்று, சர்ஜனின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். நெல்லிக்காய் அளவு இருதயம். அதை நிறுத்தினார்கள். நின்ற இருதயத்தில் கத்தரித்தார்கள், ஒட்டுப் போட்டார்கள், தலைமயிரை விட மெல்லிய நூலால் தைத்தார்கள். சர்ஜன் கை நீட்டினால் கருவி வந்தது. திரும்ப ஓட விட்டபோது அது ஓடவில்லை, புழு மாதிரி நெளிந்தது. சர்ஜன் விரல் நுனியால் தட்டினார். காத்திருந்தார்கள். மறுபடி தட்டினார். ஒரு தடவை இழுத்தது. இன்னொரு தடவை. பிறகு சோம்பேறி மாதிரி, விருப்பமே இல்லாமல், துடிக்கத் தொடங்கியது.

வீக்கம் அதிகமாக இருந்ததால் நெஞ்சை மூடவில்லை. மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்தி, அப்படியே வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

புதுசு தொப்பியைக் கழற்றிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். தொப்பியின் கயிறு நெற்றியில் பதிந்திருந்தது. இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். கம்பிக்காரன் அவள் முகத்தில் படிக்கப் பார்த்தான். சித்தாள் வாயைப் பார்த்தாள்.

"உசிரோட இருக்கான்," என்றாள் புதுசு. "இருதயம் ஓடுது, மருந்து போட்டு ஓடுது. ரத்தம் நெறைய போச்சு. நெஞ்சத் தைக்கல, தெறந்துதான் இருக்கு, பாக்கப் பயமா இருக்கும். நிறம் நீலம்தான். ரெண்டு நாள் தாண்டுவானான்னு எனக்குத் தெரியாது. சர்ஜனுக்கும் தெரியாது."

கம்பிக்காரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

சித்தாள் தலையை ஆட்டினாள். சொன்னதை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கி வைத்துக்கொள்கிற மாதிரி ஆட்டினாள். பிறகு கேட்டாள்.

"மூத்திரம் போறானா?"

"போறான்," என்றாள் புதுசு.